முதலில் போவது மெய்யெழுத்து

வீட்டில் பாட்டுக் கேட்க எது நல்லது, இசைத்தட்டா, ஹார்ட் டிஸ்க்கா, போனில் வரும் ஆப்பா என்று யாராவது என்னிடம் கேட்டால், உங்கள் வீட்டு சோபா எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்று முதலில் கேட்பேன். பாதிப் பேருக்கு அதற்கே பதில் தெரியாது. தினமும் போய் விழுகிற சோபா. அவர்களோடு மேற்கொண்டு பேசி நான் நேரத்தை வீணாக்குவதில்லை. போனிலேயே கேளுங்கள், உங்களுக்கு அது போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். திட்டு வாங்கியதுகூடத் தெரியாமல்.

நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. எழுதுகிறேன். குழுவில் நீங்கள் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர், அன்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காதில் வெள்ளையாக எதையோ செருகியிருந்தார். அவருக்காகச் சில இடங்களில் எளிமையாக எழுதியிருக்கிறேன்.

நான் இருபத்தொன்பது வருடமாகக் காது மெஷின் பொருத்துகிறவன். ஒருவருடைய காதில் எந்தச் சத்தம் நுழைகிறது, எந்தச் சத்தம் வாசலோடு திரும்பிப் போகிறது என்று சோதித்து, அதற்குத் தகுந்தபடி கருவியைக் கணினியில் மாட்டி அமைத்துக் கொடுப்பது என் தொழில். இந்த ஊரில் என்னைவிட நன்றாக அதைச் செய்கிறவர் யாரும் இல்லை. இது பெருமை இல்லை. மற்றவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டின் மாடியில், பின்பக்கம், எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. கனமான திரை, தரை முழுக்கக் கம்பளம், மூன்று சுவரிலும் இசைத்தட்டுகள், ஒரே ஒரு நாற்காலி. தட்டுக் கேட்பதற்கு ஒழுங்கு வேண்டும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்து உறையிலிருந்து எடுத்து, தூரிகையால் ஒரு சுற்றுச் சுற்றி, ஊசியை இறக்கிவிட்டு, உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம். பிடிக்கவில்லை என்று நடுவில் தாண்ட முடியாது. கட்டைவிரலால் பாட்டைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கித் தள்ளுகிற ஜனங்களுக்கு இது தண்டனையாகத் தெரியும். அவர்களுக்குப் பாட்டு என்பது பாத்திரம் தேய்க்கும்போது கூடவே ஓட வேண்டிய குழாய்த் தண்ணீர்.

என் மனைவி அப்படிக் கேட்கிறவள்தான். போனில் எதையாவது ஓடவிட்டு, சத்தம் பெரிதாக வரட்டும் என்று அந்தப் போனை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைப்பாள். நான் மாடியில் அப்படி ஓர் அறையைக் கட்டி வைத்திருக்க, கீழே டம்ளருக்குள்ளிருந்து பாட்டு வரும். அவளும் கூடவே பாடுவாள். பெரிய பல் மருத்துவமனை ஒன்றில் இருபத்து நாலு வருடமாக டெலிபோனில் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. குரலைக் கேட்டே எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்று அங்கே கேலி செய்வார்கள். அவள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பி, என் மச்சான், லிஃப்ட் மெக்கானிக். அவன் ஹார்ட் டிஸ்க் ஆசாமி. பதினோராயிரம் ஆல்பம் வைத்திருக்கிறான். இரண்டு டிஸ்க் வீட்டில், அதற்கு நகலாக இன்னொன்று மாமியார் வீட்டில். வீடு தீப்பிடித்தாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளுமாம். அந்தப் பதினோராயிரத்தில் எத்தனையைக் கேட்டிருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "கேக்கணும் அத்தான், ரிட்டயர் ஆனப்புறம்" என்றான். இவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சாப்பிட்டுவிட்டு இவன் ஒரு விளையாட்டைக் கிளப்பினான். ஒரே பாட்டு, ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கர். தட்டிலிருந்து ஒருமுறை, அவன் டிஸ்க்கிலிருந்து ஒருமுறை, போன் ஆப்பிலிருந்து ஒருமுறை. சத்த அளவு மூன்றுக்கும் சமமாக இருக்க, கையோடு ஒரு மீட்டர் கொண்டுவந்திருந்தான். என் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். எது தட்டு என்று நான் சொல்ல வேண்டும். என் மனைவி மாற்றி மாற்றிப் போட்டாள். ஆறு சுற்று.

அன்று எனக்குச் சளி. வலது காது லேசாக அடைத்திருந்தது. இதை அன்றைக்கே சொன்னேன். தவிர, என் தட்டுகளை நான் அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதால் மற்றவர்கள் தட்டில் தூசியால் வருகிற பொரிகிற சத்தம் என்னுடையதில் வராது. என் ஒழுக்கமே எனக்கு எதிராகப் போய்விட்டது. ஆறில் நாலு தடவை நான் தட்டு என்று கைகாட்டியது போனை.

துண்டை அவிழ்த்தபோது என் மனைவி கம்பளத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராத சிரிப்பு, தோள் குலுங்கக் குலுங்க. "முப்பது வருஷமா என்னை ஏமாத்தினீங்களா, இல்ல உங்களையேவா?" என்றாள்.

இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக மச்சான் உங்களிடம் சொல்லியிருக்கிறான். சம்பந்தம் இல்லை. அவள் அதை ஆபீஸில் சொன்னாள், வேறு ஊரில் இருக்கிற எங்கள் மகளிடம் சொன்னாள், மாடிப்படி துடைக்க வருகிற பெண்ணிடம் சொன்னாள், பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொன்னாள். மொத்தம் பதினான்கு பேர். ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அவளுக்குக் காது மங்கத் தொடங்கியது. வயது ஐம்பத்து மூன்று. அவர்கள் குடும்பத்தில் அது உண்டு. டிவியின் சத்தத்தைக் கூட்டினாள், "என்ன, என்ன" என்று கேட்டாள். நானே அழைத்துப் போய் என் கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தேன். இரண்டு காதும் ஒரே மாதிரி: கீழ்ச் சத்தங்கள் நன்றாக இருந்தன, மேலே போகப் போகச் சரிவு.

நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு இதை விளக்குகிறேன். காது மங்கும்போது முதலில் போவது மெய்யெழுத்து. ச, த, ப, க எல்லாம் மேலே இருக்கிற மெல்லிய சத்தங்கள். உயிரெழுத்து அடியில் கனமாக நிற்கும். அது கடைசிவரை கேட்கும். அதனால்தான் காது மங்கியவர்கள், "நீங்க பேசறது கேக்குது, ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியலை" என்பார்கள். உயிர் வருகிறது, மெய் வரவில்லை. கருவியின் வேலை அந்த மெய்யை மீட்டுத் தருவது. அதைக் கொடுக்கவும் முடியும், எடுக்கவும் முடியும். கணினியில் ஒரு கோட்டை மேலே இழுப்பதும் கீழே இறக்குவதும்தான்.

அவளுக்கு முதலில் நான் மிகச் சரியாகத்தான் பொருத்தினேன். இது பதிவில் இருக்கிறது. கடையைவிட்டு வெளியே வந்ததும் நின்றுவிட்டாள். தன் உடை உரசுகிற சத்தத்தைக் கேட்டாள். சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். வீட்டில் குழாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து, "இது இப்படியா சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு இத்தனை நாளா" என்று கண் கலங்கினாள். எனக்கும் சந்தோஷம்தான்.

சாயங்காலம் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். இப்போதைய கருவிகளில் போனிலிருந்து பாட்டு நேராகக் காதுக்கே வந்துவிடும். ஒயர் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். சமையலறையில் நின்றபடி கேட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம். என்னைப் பார்த்து, "காதுக்குள்ளயே வந்து பாடறாங்கங்க. உங்க ரூமே இனிமே வேண்டாம் போங்க" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள், புதுக் கருவி என்றால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்கிப் போனேன். போன் வழியாக வரும் சத்தத்துக்கு அதில் தனி அமைப்பு உண்டு. அதில் மேலே இருந்த கோட்டைக் கீழே இறக்கினேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஒருவர் பாடினால் எப்படிக் கேட்குமோ அப்படி. போன் பாட்டின் உண்மையான தரம் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அதைச் சற்று அழுத்தமாகக் காட்டினேன், அவ்வளவே. ஆசிரியர்கள் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவதில்லையா.

மூன்று நாள் பொறுத்தாள். பிறகு, "என்னங்க, போன்ல பாட்டு நல்லாவே இல்லை. மொதநாள் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

"மொதநாள் எல்லாமே நல்லா இருக்கும். அதான் போன்" என்றேன்.

அந்த வாரம் என் அறைக்கு இரண்டாவது நாற்காலி வந்தது. அறைக்கென்று கருவியில் தனியாக ஓர் அமைப்பு வைத்தேன். அது துல்லியமாக இருந்தது, என் வாழ்க்கையில் செய்த மிக நல்ல வேலை என்றுகூடச் சொல்வேன். அறைக்குள் வந்ததும் காதுக்குப் பின்னால் இருக்கிற பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தினாள். ஊசியை இறக்கினேன். ஒரு பெண் குரலும் ஒரு பியானோவும். அவள் கண்ணை மூடினாள்.

"அந்தம்மா மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதுங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சொன்னது சரிதான். நான்தான் சிரிச்சேன்."

ஒரு வருடம் நாலு மாதம் காத்திருந்த வாக்கியம் அது.

அத்தோடு விட்டிருக்கலாமே என்று உங்கள் குழுவில் இருக்கிற அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. விட்டிருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து நான் கீழே இறங்கி வந்தபோது போன் மறுபடியும் டம்ளருக்குள் நின்றுகொண்டிருந்தது. காதுக்கு நேராக வராவிட்டால் என்ன, வெளியே ஓடவிட்டுக் கேட்கலாமே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கூடவே பாடிக்கொண்டும் இருந்தாள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நிமிர்த்த முடியும், பொறுமை வேண்டும். பொது அமைப்பிலும் கோட்டை இறக்கினேன். ஒரேயடியாக இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. "காது இன்னும் இறங்குதா?" என்று கேட்பாள். "வயசாகுதில்ல" என்பேன். வயது ஆகத்தான் செய்தது.

போன் வழியாகப் பாட்டு மட்டும் வருவதில்லை, பேச்சும் வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாலு மணி என்றாலும் ஆறு மணி என்றாலும் உயிர் ஒன்றுதான், ஆ-வும் உ-வும். வித்தியாசம் மெய்யில் இருக்கிறது. மருத்துவமனையில் நாலுக்கு வர வேண்டியவர்களுக்கு ஆறு எழுதினாள். ஆறுக்கு வர வேண்டியவர்கள் நாலுக்கு வந்து, வீங்கிய கன்னத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் அவளைச் செவிட்டு முண்டம் என்று கத்தியிருக்கிறார். அது மட்டும் தெளிவாகக் கேட்டதாம். முதலில் அவளைக் கோப்புகள் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். அங்கே பேச ஆள் இல்லை. நாலு மாதத்தில் அவளாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். அதன் சத்தம் அவளுக்குக் கேட்காது. எனவே கூடத்தில் மாட்டுவதில் சங்கடம் இருக்கவில்லை.

வேலை போனபின் அவள் அறைக்கு அடிக்கடி வந்தாள். எங்கள் திருமணத்தில் அதுதான் நல்ல காலம் என்று நினைக்கிறேன். தட்டு முடிந்ததும் பேசிக்கொண்டிருப்போம். "இங்க வந்தா மட்டும் நீங்க பேசறது அப்படியே கேக்குது" என்பாள். அந்த அறைக்குள் நுழையும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும், வெயிலிலிருந்து வந்தவர்கள் மாதிரி. இசை ஒருவரை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்த்தேன்.

ஒருநாள் சமையலறையில் நின்று, அறைக்கான பொத்தானை அழுத்திவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தது. இவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, "அந்த அமைப்பு அந்த ரூமுக்குக் கணக்குப் பண்ணினது. வெளியில போட்டா மிச்சம் இருக்கிற காதும் போயிடும்" என்றேன். பயந்துவிட்டாள். "தெரியாமப் பண்ணிட்டேங்க, இனிமே தொடமாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மனித மனம் பலவீனமானது. பொத்தானைச் செயலிழக்கச் செய்துவிட்டு, அறைக்கான அமைப்பை என் போனிலிருந்து நானே மாற்றும்படி வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கூப்பிடும்போது போனைப் பிடித்துக்கொண்டு சும்மா புன்னகைப்பாள். "அம்மா, அவ உன்கிட்டதான் பேசறா, ஏதாவது சொல்லேன்" என்று மகள் கத்துவாள். "ஆமா, ஆமா" என்பாள் இவள். சில மாதங்களில் மகள் என்னைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் குழந்தைமேல இஷ்டமே இல்லையாப்பா?" என்று கேட்டாள். உன் அம்மாவுக்கு இப்போது கவனம் வேறு பக்கம் இருக்கிறது என்றேன். பொய் இல்லை.

அவளுடைய அம்மா கடைசி நாட்களில் மறதி முற்றி, ஆட்களையே அடையாளம் தெரியாமல் போய் இறந்தவர். தனக்கும் அப்படித்தான் ஆகிறதோ என்ற எண்ணம் இவளுக்கு எப்போது வந்தது என்று தெரியாது. சமையலறை மேஜை இழுப்பறையில் அவள் எழுதிவைத்த ஒரு சின்ன நோட்டைப் பார்த்தேன். யார் எது சொன்னாலும் முதலில் சிரிக்கணும். பிறகு ‘அப்படியா’ன்னு சொல்லணும். கேள்வி மாதிரி இருந்தால் ‘அவரைக் கேளுங்க’ன்னு சொல்லணும். திரும்பக் கேக்கக் கூடாது, ஒரு தடவைக்கு மேல் கேக்கவே கூடாது. இப்படி ஐந்தாறு பக்கம். கையெழுத்து நன்றாக இருந்தது. படித்துவிட்டு, இருந்தபடியே வைத்தேன்.

நரம்பு மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். கூடப் போனேன். மருத்துவர் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னார். முகமூடி போட்டிருந்தார், அதனால் உதட்டையும் பார்க்க முடியவில்லை. இரண்டைச் சொன்னாள், அதில் ஒன்று தப்பு. கேட்டதையே திரும்பக் கேட்கிறார்களா என்றார் என்னிடம். ஆமாம் என்றேன். சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார்களா. ஆமாம். ஒதுங்கி இருக்கிறார்களா. ஆமாம். கடைசியாக, "காது நல்லா கேக்குதில்ல?" என்றார்.

"மெஷின் போட்டிருக்கு டாக்டர். நானே பொருத்தினது" என்றேன்.

"அப்ப அந்தப் பிரச்சினை இல்லை" என்று எழுதிக்கொண்டார். படித்தவர். ஒரே ஒரு பதிலை நம்பிக் காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

மறதிக்கான மாத்திரை பதினான்கு மாதம் சாப்பிட்டாள். அதற்குத் தலைச்சுற்றல் ஒரு பக்கவிளைவு, சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. போன வருடக் கடைசியில் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். அறைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். நான் தட்டுப் போட்டிருந்தேன். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடி ஸ்தாயியில், தட்டில் இல்லாத ஒரு சத்தம். பக்கம் முடிய ஏழு நிமிடம் இருந்தது. அவள் கூப்பிட்டிருந்தால் உடனே போயிருப்பேன். கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தபோது மணிக்கட்டு மடங்கிக் கிடந்தது, நெற்றியில் ரத்தம், இடது காதுக் கருவியின் ஓடு உடைந்திருந்தது.

அந்த உடைந்த ஓட்டில்தான் எல்லாம் வெளியே வந்தது. ஒரு பெரியவர் சேர்த்துவைத்த தட்டுகளைப் பார்க்க நான் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில், மச்சான் அக்காவைப் பார்க்க வந்திருக்கிறான். உடைந்த கருவியோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறு கடைக்கு அழைத்துப் போய்விட்டான். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாதவள். புதிதாகக் காதைச் சோதித்தாள். என் கருவியைக் கணினியில் மாட்டிப் பார்த்தாள். சோதனைத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இவங்க காது ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்லை. இது மெஷின் கோளாறும் இல்லை. யாரோ உக்காந்து வேணும்னே இப்படி வச்சிருக்காங்க" என்றாளாம். கால் மணி நேரத்தில் வலது கருவியைச் சரிசெய்து மாட்டி, என் மனைவிக்குப் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில் "அம்மா" என்றாளாம். திரும்பிப் பார்த்தவள் அழுதாளாம். இதெல்லாம் மச்சான் சொன்னது. அவன் உடனே செய்த காரியம், கருவியிலிருந்த அமைப்புகளை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்தது. பிறவிக்குணம்.

நான் தட்டுப் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தான், அந்தப் பொண்ணு சொல்லுது, இதெல்லாம் தானா ஆகாதாம்" என்றான் மச்சான்.

"ஆகாது" என்றேன்.

"அப்ப?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

அவன் எழுந்தான். அவன் கை எனக்குத் தெரியும், லிஃப்ட் கேபிள் இழுக்கிற கை. என் மனைவி கட்டுப்போட்ட கையை அவன் முன்னால் நீட்டி உட்காரவைத்தாள். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை குழந்தை போன்ல பேசும். நீங்க பக்கத்துலதான் உக்காந்திருப்பீங்க. உங்களுக்கு நல்லாக் கேக்குமே. மொத மொதல்ல என்கிட்ட என்ன சொல்லிச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. போன் ஸ்பீக்கரில் வருகிற எதையும் நான் கவனிப்பதில்லை. நல்ல காது உள்ளவர்களுக்கு அது தானாக அமைந்துவிடும் பழக்கம்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "மறதி மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. எடுத்துக்குங்க" என்றாள்.

அன்றே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

தவறுதலாக நடந்ததா என்பது உங்கள் கேள்வித்தாளில் முதல் கேள்வி. ஆம் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் வேலை மிச்சம் என்று என் வக்கீல் சொன்னார். என் கையால் தவறுதலாக ஒரு கோடுகூட நகராது. இரண்டு வருடம் ஏழு மாதத்தில் முப்பத்தெட்டு முறை அவள் கருவிகளைத் திறந்து மாற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றும் தேதியோடு என் கணினியில் இருக்கிறது. அவள் வேலை போகும் என்று தெரியும். மகளின் பேச்சு கேட்காது என்று தெரியும். அவளுக்கு மறதி நோய் இல்லை என்பது அந்த மருத்துவர் மாத்திரை எழுதும்போதே தெரியும். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன்.

வேறு யாருக்காவது இப்படிச் செய்தீர்களா என்பது ஒன்பதாவது கேள்வி. அது மச்சானுக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். இணைப்பில் பதினோரு பெயர்கள் கொடுத்திருக்கிறேன். ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்றவர்கள் ஓய்வு பெற்றவர்கள். கடைக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: போன் பாட்டு இதில் நேராகக் கேட்குமா? மனிதக் குரல் கேட்குமா என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தால், நான் வேறு மாதிரி நடந்திருப்பேன்.

நான் வருந்துகிறேனா என்று கடைசியில் ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

மிச்சமிருந்த துணிமணிகளை எடுத்துப் போக மத்தியானம் இருவரும் வந்தார்கள். அவள் கையில் இன்னும் பட்டை கட்டியிருந்ததால் மச்சான்தான் பெட்டிகளைக் கீழே இறக்கினான், என் முகத்தைப் பார்க்காமல். படி ஏறிய களைப்பில் அவள் மாடியில் நின்றாள். அலமாரி அறையில் உட்கார எதுவும் இல்லை. என் அறை திறந்திருந்தது. வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள்.

கையைக் கழுவி, துடைத்து, என்னிடம் இருப்பதிலேயே நல்ல தட்டை எடுத்தேன். ஊசியை இறக்கப் போகும்போது அவள் இரண்டு காதிலிருந்தும் புதுக் கருவிகளைக் கழற்றி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சின்னப் பெண் அமைத்துக் கொடுத்ததை வைத்து என் தட்டைக் கேட்கக்கூடாது என்கிற மரியாதை அவளுக்கு இருந்திருக்கிறது. ஊசியை இறக்கினேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நன்றாகக் கேட்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

கீழே அவள் தம்பி காரில் ஏறி ஹார்ன் அடித்தான். இரண்டு தடவை, பிறகு நீளமாக மூன்றாவது தடவை. தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை.